சாட்சிப் பொருளாக வந்த நாய்கள்

2007ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி. அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில், வயல்களும் காடுகளும் சூழ்ந்த ஒரு நாட்டுப்புற வீதி. மூன்லைட் றோட் என்று பெயர். அங்கே 1915ஆம் இலக்க வீட்டுக்குப் பொலிசார் தேடுதல் ஆணையோடு போனார்கள். அவர்கள் தேடிப் போனது நாய்களை அல்ல. அந்த முகவரியில் இருந்த ஓர் இளைஞர் மேல் போதைப்பொருள் விசாரணை ஒன்று நடந்துகொண்டிருந்தது, அதற்காகத்தான் போனார்கள்.

முன்பக்கம் பெரிய வெள்ளை வீடு. பின்பக்கம், மரங்களுக்குள் மறைந்தாற்போல, கறுப்பு வர்ணம் பூசிய கொட்டகைகள். அவற்றையும் தாண்டிப் போனால் நாய்கள். கார்களின் அச்சுத் தண்டுகளை நிலத்தில் புதைத்து, அவற்றில் கனத்த சங்கிலிகளைப் பூட்டி நாய்களைக் கட்டியிருந்தார்கள். ஒரு நாய் பக்கத்து நாயைப் பார்க்கலாம், ஆனால் எட்டித் தொடமுடியாது. சங்கிலியின் நீளத்தை அப்படி அளந்து விட்டிருந்தார்கள். ஒரு கொட்டகையின் மேல்தளத்தில் இரத்தக் கறை படிந்த சண்டைக் களம் இருந்தது. நாய்களை ஓடவிட்டுப் பயிற்சி கொடுக்கும் இயந்திரங்களும் இருந்தன.

வீட்டின் சொந்தக்காரர் மைக்கல் விக்.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் அப்போது பிறந்தே இருக்கமாட்டீர்கள். ஆகவே விக் யார் என்று சொல்லவேண்டும். அற்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் குவாட்டர்பேக். 2004இல் அந்த அணியோடு அவர் செய்த பத்தாண்டு ஒப்பந்தம் 130 மில்லியன் டொலர். 'மேடன் 2004' என்ற வீடியோ விளையாட்டின் அட்டையில் அவர் படம்தான் இருந்தது. அந்த விளையாட்டில் விக்கைத் தெரிவு செய்தவரை வெல்லவே ஏலாது. எங்கள் வீட்டில் அண்ணாவும் மச்சானும் யார் விக்கை எடுப்பது என்று அடிபட்டதால், அம்மா அந்தப் பெட்டியையே அலுமாரியில் வைத்துப் பூட்டிய நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டுப் பின்வளவில்தான் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிட்புல் நாய்களைப் பொலிசார் கண்டார்கள்.

விக்கின் கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இங்கே எழுத வந்தது அந்த நாய்களின் கதையை.

முதலில் இந்த நாய்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காளையைக் கட்டிவைத்து அதன்மேல் நாய்களை ஏவிவிடுவது சனம் கூடிப் பார்க்கும் வேடிக்கையாக இருந்தது. 1835இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அதைத் தடைசெய்தது. காளை போயிற்று, நாயோடு நாயை மோதவிடுவது கூடிற்று. இதற்குக் காளையும் வேண்டாம், வெளியும் வேண்டாம். ஒரு மதுக்கடையின் நிலவறை போதும், ஒளித்துச் செய்யலாம். அதற்காக வளர்க்கப்பட்ட நாய்களின் வழித்தோன்றல்கள் குடியேறியவர்களோடு கடல் கடந்து அமெரிக்காவுக்கும் வந்தன. இன்று 'பிட்புல்' என்று நாங்கள் சொல்வது ஒரே இனத்தின் பெயர்கூட அல்ல. அகன்ற தலையும் இறுகிய உடலும் கொண்ட பல இனங்களுக்கும், கலப்பு நாய்களுக்கும் சேர்த்து ஊர் வைத்த பெயர் அது.

ஒரு விசயத்தைக் கவனியுங்கள். சண்டை நடக்கும்போது நாய்களைப் பிடித்து விலக்குபவர்கள் மனிதர்கள்தான். தன்னைப் பிடிக்கிற கையைக் கடிக்கும் நாயை அந்தத் தொழில் செய்பவர்கள்கூட விரும்புவதில்லை. ஆகவே இன்னொரு நாயைக் கண்டால் பாயும் நாய், மனிதரைக் கண்டால் வாலாட்டலாம். இந்த வேறுபாடு பின்னால் மிகவும் முக்கியமாக வரும்.

பறிமுதல் செய்யப்பட்ட நாய்களைப் பொலிசார் பல காப்பகங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். சட்டத்தின் பார்வையில் அவை அப்போது நாய்கள் அல்ல, சாட்சிப் பொருட்கள். திருட்டு வழக்கில் பிடிபட்ட நகையை எப்படி உறையில் போட்டு எண் ஒட்டி வைப்பார்களோ, அப்படி. வழக்கு முடியும்வரை அவற்றை எதுவும் செய்ய முடியாது. கூண்டுக்குள் சாப்பாடு வரும், கூண்டைக் கழுவுவார்கள், அவ்வளவுதான். மாதக்கணக்கில் அவை அப்படியே கிடந்தன.

வழக்கு முடிந்தபின் என்ன நடக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அதுவரை சண்டை நாய்கள் பிடிபட்டால் வழக்கம் ஒன்றுதான்: ஊசி போட்டுக் கொல்வது. இதைச் சொன்னவர்கள் நாய்களை வெறுத்தவர்களும் அல்ல. அமெரிக்காவின் மிகப்பெரிய விலங்குநல அமைப்புகளில் ஒன்றான ஹியூமேன் சொசைட்டியின் தலைமையும், பீட்டா அமைப்பும் இந்த நாய்களைத் திருத்த ஏலாது, கொல்வதே சரி என்றுதான் சொன்னார்கள். அவர்களுடைய வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அமெரிக்கக் காப்பகங்களில் அப்போதே ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான நாய்கள், ஒருவரையும் கடிக்காத சாதாரண நாய்கள், இடமில்லை என்பதற்காகவே கொல்லப்பட்டன. அப்படியிருக்க, சண்டைக்கு வளர்த்த ஐம்பது நாய்களுக்கு ஏன் இவ்வளவு பணமும் நேரமும்? இதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. பதில் சொல்லக் கடினமான கேள்விதான்.

ஆனால் ஓர் ஓட்டை அதில் இருந்தது. அந்த நாய்களை அதுவரை யாரும் ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை.

2007 ஓகஸ்ட் மாதம் விக் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சண்டையில் தேறாத நாய்களைத் தூக்கிலிட்டும் நீரில் அமுக்கியும் கொன்ற விபரங்கள் அந்த வழக்கில் வெளிவந்தன. அதற்கு மேல் அதை இங்கே விபரிக்கப் போவதில்லை. அடுத்த மாதம், அரசின் வேண்டுகோளில், ஏஎஸ்பிசிஏ என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நிபுணர் குழு ஒன்று வேர்ஜினியாவுக்கு வந்தது. காப்பகம் காப்பகமாகப் போய் 49 நாய்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

சோதனை என்றால் என்ன? கூண்டுக்கு வெளியே கொண்டுவந்து, ஓர் ஆள் மெல்லக் கிட்டப் போவார். தொட்டுப் பார்ப்பார். தீனிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, நாய் சாப்பிடும்போது ஒரு செயற்கைக் கையால் அந்தக் கிண்ணத்தை இழுத்துப் பார்ப்பார். குழந்தை அளவில் ஒரு பொம்மையைக் காட்டுவார். பிறகு இன்னொரு நாயைக் காட்டுவார்.

குழுவினர் எதிர்பார்த்துப் போனது பாய்ந்து குதறும் நாய்களை. கண்டது வேறு. சில நாய்கள் ஓடிவந்து மடியில் ஏறின. ஒழுங்காக வளர்க்காத, பெரிய உடம்புள்ள குட்டிகள் போலத் துள்ளின. ஆனால் நிறைய நாய்கள் அசையவே இல்லை. மனிதர் கிட்ட வந்தால் நிலத்தோடு நிலமாக ஒட்டிப் படுத்துவிட்டன. கால்களை விரித்து, வயிற்றைத் தரையில் அழுத்தி, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே கிடந்தன. இந்த நாய்களோடு வேலை செய்தவர்கள் இவற்றைப் 'பான்கேக் நாய்கள்' என்று சொல்லத் தொடங்கினார்கள். நாங்களாக இருந்தால் தோசை என்றிருப்போம். சிரிப்பு வரும் பெயர்தான். ஆனால் ஒரு நாய் எத்தனை நாள் பயந்தால் அப்படித் தட்டையாகிப் போகும் என்று நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

49 நாய்களில் மனிதருக்கு ஆபத்து என்று சொல்லிக் கொல்லப் பரிந்துரைத்தது ஒன்றே ஒன்றை. நோயால் மிகவும் துன்பப்பட்ட இன்னொரு நாயும் கருணைக்கொலை செய்யப்பட்டது. மிஞ்சியவை 47.

நீதிபதி ஹென்றி ஹட்சன் அப்போது ஒரு புதிய காரியத்தைச் செய்தார். வல்பரைசோ பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் ரெபெக்கா ஹஸ் என்பவரை இந்த நாய்களுக்குப் பொறுப்பாளராக நியமித்தார். பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு நீதிமன்றம் பாதுகாவலர் வைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிட்டத்தட்ட அப்படி. எந்த நாய் எங்கே போகவேண்டும், எந்த அமைப்புக்கு அதைப் பார்க்கும் வல்லமை உண்டு என்று அவர் ஒவ்வொன்றாக விசாரித்து நீதிமன்றத்துக்கு எழுதிக்கொடுத்தார். எண்களாக இருந்த நாய்களுக்குப் பெயர்கள் வந்தன.

டிசம்பர் 10ஆம் திகதி விக்குக்கு 23 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதோடு நாய்களின் பராமரிப்புக்காக அவர் 9 இலட்சத்து 28 ஆயிரம் டொலருக்கு மேல் கட்டவேண்டி வந்தது. இந்தப் பணத்தை மறந்துவிட்டுக் கதை சொன்னால் அது பொய்யான கதையாகிவிடும். வளர்ப்பு வீடுகளுக்குப் போகக்கூடிய 25 நாய்களுக்குத் தலைக்கு 5,000 டொலர். நீண்ட காலம் காப்பகத்தில் இருக்கவேண்டிய 22 நாய்களுக்குத் தலைக்கு 18,000 டொலருக்கு மேல். உங்கள் ஊர்க் காப்பகத்தில் இன்று கூண்டுக்குள் இருக்கும் எந்த நாய்க்கும் இப்படி யாரும் ஒதுக்கி வைப்பதில்லை. இந்த நாய்கள் தேறியதற்கு அன்பு ஒரு காரணம். வங்கிக் கணக்கு இன்னொரு காரணம்.

அந்த 22 நாய்களும் 2008 ஜனவரியில் விமானத்தில் யூட்டா மாநிலத்துக்குப் போயின. அங்கே கனாப் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில், சிவந்த பாறைகள் நிறைந்த பள்ளத்தாக்கில், 'பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற காப்பகம் 1984 முதல் இயங்குகிறது. தொடக்கத்தில் அங்கே பணியாளர்கள் இரவும் பகலும் நாய்களோடு இருந்தார்கள். சிலர் கூண்டுக்குள்ளேயே படுத்து உறங்கினார்கள். தங்கள் வாழ்நாளில் அந்த நாய்கள் பக்கத்தில் ஒரு மனிதர் சும்மா படுத்துக் கிடப்பதைக் கண்டிருக்கவே மாட்டா.

பயந்த நாயைத் தேற்றுவது எப்படி என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பார்த்தால் சலிப்பாகக்கூட இருக்கும். ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, ஒரே ஆள், ஒரே பாதை. நாயைத் தேடிப் போய்க் கட்டியணைக்கக் கூடாது. கூண்டின் ஒரு மூலையில், நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல் உட்காரவேண்டும். பக்கத்தில் இறைச்சித் துண்டுகளைப் போட்டுவைக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். இன்றைக்கு அது வராது. நாளைக்கும் வராது. ஒரு நாள் மூக்கை நீட்டி முழங்கையை முகர்ந்துவிட்டு ஓடிவிடும். அன்றைக்கு அதுவே பெரிய வெற்றி. இந்த நாய்கள் வீட்டுக்குள் வாழ்ந்தவை அல்ல. ஆகவே படிக்கட்டு, கண்ணாடிக் கதவு, தொலைக்காட்சிச் சத்தம் எல்லாமே அவற்றுக்குப் புதிய பூதங்கள். பயமில்லாத இன்னொரு நாய் வீட்டில் இருந்தால் காரியம் கொஞ்சம் சுலபம். அந்த நாய் படியில் ஏறுவதைப் பார்த்து இதுவும் ஏறும். மனிதர் பத்து வாரம் சொல்லிக்கொடுப்பதைச் சில வேளை ஒரு நாய் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடும்.

கனாப்புக்கு வந்தவற்றில் ஜோர்ஜியா என்ற நாய்க்கு வாயில் பல்லே இல்லை. 42 பற்களும் பிடுங்கப்பட்டிருந்தன. கட்டாயப்படுத்தி இனப்பெருக்கம் செய்யும்போது அது கடித்துவிடாமல் இருப்பதற்காக அப்படிச் செய்திருக்கவேண்டும் என்று கருதுகிறார்கள். வேறு பல நாய்களின் இரத்தத்தில் பபேசியா என்ற ஒட்டுண்ணி நோய் இருந்தது. சண்டையில் ஒரு நாயின் இரத்தம் இன்னொன்றில் கலப்பதாலும் பரவும் நோய் அது. ஆகவே மனதைத் தேற்றுவதற்கு முன்னால் மிருக வைத்தியரின் வேலையே நிறைய இருந்தது.

தத்துக் கொடுப்பதற்கும் கடும் நிபந்தனைகள் இருந்தன. முதலில் ஒரு நன்னடத்தைச் சோதனை: அறிமுகமில்லாத ஆள் கைகொடுக்க வந்தால் அமைதியாக இருக்கவேண்டும், சனக் கூட்டத்துக்குள் நடக்கவேண்டும், இன்னொரு நாயைக் கடந்து போகவேண்டும், கூட்டிவந்தவர் மூன்று நிமிடம் கண்ணில் படாமல் மறைந்தாலும் பதறாமல் இருக்கவேண்டும். அதில் தேறினால், எடுக்க விரும்பும் வீட்டில் ஆறு மாதம் தற்காலிகமாக வளரவேண்டும். அதன்பிறகே தத்து. ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அப்படியிருந்தும் கனாப் நாய்களில் பாதிக்கு மேற்பட்டவை காலப்போக்கில் வீடு கண்டன. பல் இல்லாத ஜோர்ஜியாவும் முதுமையில் ஒரு வீட்டுக்குப் போனது.

ஹான்சம் டான் என்ற நாய் மனிதரைக் கண்டாலே நடுங்கும். அதை றோட் ஐலண்டில் ஓர் இளம் தம்பதி எடுத்தார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த நாயின் பின்னாலேயே அது திரிந்தது. பிறகு அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. பெரியவர்களுக்குப் பயந்த டான், தவழ்கிற குழந்தையோடு மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஜொனி என்ற நாய் கலிபோர்னியாவுக்குப் போனது, 'பாட் ராப்' என்ற சிறு அமைப்பு மூலமாக. அவர்கள் ஒரு பெரிய பயண வாகனத்தை வாடகைக்கு எடுத்து, நாய்களை ஏற்றிக்கொண்டு நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓட்டிப் போனார்கள். ஜொனிக்குச் சிறுவர்களைப் பிடிக்கும் என்று புதிய வீட்டார் கண்டுகொண்டார்கள். அதனால் நூலகத்துக்குக் கூட்டிப்போகப் பயிற்சி கொடுத்தார்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் ஆசிரியருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுவார்கள், நாய்க்கு முன்னால் கூச்சப்படமாட்டார்கள். நாய் பிழை பிடிக்காது. தமிழ்ப் பள்ளியில் 'ழ'வும் 'ள'வும் மாறிப்போய் வகுப்பே சிரித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், ஜொனியின் அருமை விளங்கும். 2014இல் ஏஎஸ்பிசிஏ சங்கம் அதற்கு ஆண்டின் சிறந்த நாய் விருதைக் கொடுத்தது. அதைப்போல ஒரு பஞ்சுப் பொம்மைகூடக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. லியோ என்ற இன்னொரு நாய் புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்களைப் பார்க்கப் போய்வந்தது. நெஞ்சிலும் காலிலும் சண்டைத் தழும்புகளோடு இருந்த ஹெக்டரும் அதே வேலையைச் செய்தது.

இப்படிப்பட்ட கதைகளையே சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் எல்லா நாயும் நூலகத்துக்குப் போகவில்லை.

ஜாஸ்மின் என்ற நாயைப் பால்டிமோர் பக்கத்தில் ஒரு குடும்பம் எடுத்தது. மாதக்கணக்கில் அது கூண்டைவிட்டு வெளியே வர மறுத்தது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாது. வெளிக்குப் போவதற்குக்கூடத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். 2008 டிசம்பரில் 'ஸ்போர்ட்ஸ் இலஸ்ட்ரேட்டட்' சஞ்சிகை இந்த நாய்களைப் பற்றி எழுதியபோது, அட்டைப்படத்தில் இருந்தது ஜாஸ்மின்தான். மெல்ல மெல்லத் தேறிக்கொண்டு வந்த அந்த நாய், அடுத்த ஆண்டு தப்பி ஓடி ஒரு காரில் அடிபட்டுச் செத்தது.

லூகாஸ் விக்கின் சண்டைகளில் வென்று பேரெடுத்த நாய். மனிதரோடு மிகவும் சாது. ஆனால் அதன் பெயருக்காகவே யாராவது திருடிக்கொண்டு போய்ச் சண்டைக்கு விடலாம் என்ற பயத்தில், அது கடைசிவரை காப்பகத்திலேயே இருக்கவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மெரில் என்ற நாயும் அப்படியே. ஆனால் காரணம் வேறு. அறிமுகமில்லாதவர்களை நம்ப மெரிலால் முடியவில்லை. லூகாஸுக்குக் காப்பக அலுவலகமே வீடாயிற்று. மெரிலுக்கு நம்பக்கூடிய சிலர் கிடைத்தார்கள். 'மீண்டது' என்ற சொல்லை ஒரே பொருளில் எல்லா நாய்க்கும் போட முடியாது என்பதற்காகத்தான் இவை இரண்டையும் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் போகக்கூடாது. அந்த நாட்களில் பலர், குறிப்பாகக் கறுப்பின மக்கள், ஒரு கேள்வி கேட்டார்கள்: நாய்களுக்காக இந்த நாடு விடும் கண்ணீரில் பாதியாவது எங்கள் பிள்ளைகளுக்காக விட்டதா? இது விக்கைக் காப்பாற்றச் சொன்ன சாட்டு என்று சிலர் ஒதுக்கினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கேள்வி நியாயமானது, விக் செய்ததும் கொடியது. இரண்டையும் ஒரே மனதில் வைத்திருக்கலாம். விக் 2009இல் விடுதலையாகி, ஃபிலடெல்ஃபியா அணியில் மீண்டும் விளையாடினார். நாய்ச்சண்டைக்கு எதிராக இளைஞர்களிடம் பேசவும் போனார்.

47 நாய்கள் பிழைத்ததால் எல்லாம் மாறிவிட்டதா? உடனே இல்லை. 2009 பெப்ரவரியில் வட கரோலைனாவில் பிடிபட்ட நூற்றுக்கு மேற்பட்ட பிட்புல் நாய்களை, சோதித்துப் பார்க்காமலே கொல்ல நீதிமன்றம் அனுமதித்தது. அவற்றில் நிறையக் குட்டிகள். சில, பறிமுதல் நடந்தபின் காவலில் பிறந்த குட்டிகள். சண்டைக் களத்தைக் கண்ணாலும் காணாதவை. அதற்கு எழுந்த எதிர்ப்பு சாதாரணமானது அல்ல. விக்கின் நாய்கள் வீடுகளில் வாழ்வதைச் சனம் பார்த்துவிட்டது, இனி 'திருத்த ஏலாது' என்று சும்மா சொல்ல முடியாது. அதே ஆண்டு ஹியூமேன் சொசைட்டி தன் கொள்கையை மாற்றியது. பிடிபடும் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதிக்கவேண்டும் என்றது. அந்த யூலை மாதம் மிசூரியிலும் அயல் மாநிலங்களிலும் ஒரே நேரத்தில் நடந்த தேடுதலில் 400க்கு மேற்பட்ட நாய்கள் பிடிபட்டன. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஏராளமானவை வீடு கண்டன.

விக்கின் நாய்களில் கடைசியாக உயிரோடு இருந்தது ஃப்ரோடோ. பிடிபடும்போது அது சின்னக் குட்டி. கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் வளர்ந்து, 2021 டிசம்பரில், கிழட்டு நாயாக, தன் ஆட்கள் பக்கத்தில் இருக்கச் செத்தது.

அமெரிக்கக் கதை இங்கே முடிகிறது. ஆனால் இதை ரொறன்ரோவில் இருந்து எழுதுகிற நான் இங்கே நிறுத்த முடியாது. ஏனென்றால் ஃப்ரோடோவோ ஜொனியோ எங்கள் தெருவுக்கு வந்திருக்கவே முடியாது.

ஒன்ராறியோவில் 2005 ஓகஸ்ட் முதல் பிட்புல் நாய்கள் தடை. அதற்கு முன்பே வைத்திருந்தவர்கள் வாய்க்கூடு போட்டு, கயிற்றில் பிடித்து, கருத்தடை செய்து வைத்திருக்கலாம். புதிதாக ஒருவரும் வைத்திருக்க முடியாது. நாய் கடித்ததா இல்லையா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. பார்க்க எப்படி இருக்கிறது என்று கேட்கிறது. இலண்டனில் இருப்பவர்களுக்கும் இது புதிதல்ல. அங்கே 1991 முதல் பிட்புல் தடை, 2023 முடிவிலிருந்து எக்ஸ்எல் புல்லி நாய்களை விற்கவோ வேறு வீட்டுக்குக் கொடுக்கவோ முடியாது. இந்தச் சட்டங்கள் காரணமில்லாமல் வந்தவை அல்ல. பிள்ளைகள் கடிபட்டிருக்கிறார்கள், ஆட்கள் செத்திருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய் 'ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பாருங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் அம்மாவுக்கு நாய் என்றாலே பயம். யாழ்ப்பாணத்தில் அவர் வளர்ந்த காலத்தில் விசர்நாய்க்கடி என்றால் சாவு. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியைப் பற்றி இன்றைக்கும் சொல்லுவார். பூங்காவில் நாய் வந்தால் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு புல்லில் இறங்கி நடப்பார். அந்தப் பயத்தை நான் பகிடி பண்ணமாட்டேன். அது அனுபவத்தில் வந்த பயம்.

ஆனால் 2015இல் நடந்ததையும் உங்களுக்குச் சொல்லவேண்டும். அந்த ஒக்டோபரில், ரொறன்ரோவிலிருந்து சில மணித்தியாலக் கார் ஓட்டத்தில், சாத்தம்-கென்ட் பகுதியில் பொலிசார் ஒரு வளவைச் சுற்றிவளைத்தார்கள். சங்கிலியில் கட்டிய 31 பிட்புல் நாய்கள். அவற்றில் 21 நாய்களைத் திருத்த ஏலாது, கொல்ல அனுமதி வேண்டும் என்று 2016இன் தொடக்கத்தில் ஒன்ராறியோவின் விலங்குவதைத் தடுப்புச் சங்கமே நீதிமன்றத்தைக் கேட்டது. விக்கின் நாய்கள் வீடுகளுக்குப் போய் எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ரொறன்ரோவுக்கு வடக்கே கிங் சிற்றியில் இருக்கும் 'டோக் ரேல்ஸ்' என்ற காப்பகம் அந்த நாய்களைத் தங்களிடம் விடும்படி கேட்டுப் போராடியது. மக்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். வழக்கு இழுபட்டது. அவ்வளவு காலமும் அந்த நாய்கள் கூண்டுக்குள்ளேயே இருந்தன, வேர்ஜினியாவில் இருந்தவற்றைப்போலவே, சாட்சிப் பொருட்களாக. ஆனால் அங்கே மாதக்கணக்கு. இங்கே கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள்.

2017 கோடையில் ஓர் உடன்பாடு வந்தது. அந்த 21 நாய்களில் 18 கொல்லப்படாமல் தப்பின. அவற்றுக்குப் பயிற்சி கொடுத்து வீடு தேட ஓர் இடம் முன்வந்தது. அந்த இடம் அமெரிக்காவில், ஃபுளோரிடாவில் இருந்தது. 18 நாய்களையும் எல்லை தாண்டி அங்கே அனுப்பினார்கள். நன்னடத்தைச் சோதனையில் அவை எவ்வளவு நன்றாகத் தேறினாலும், ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கும் அவற்றைக் கொடுக்கச் சட்டம் விடாது.